மானியம் இருக்கிறது, கோப்பு இருக்கிறதா?

காலை நிகழ்ச்சி முடிந்த பிறகும் வானொலி நிலையத்துக்குச் சில அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். பாட்டுக் கேட்டு வரும் அழைப்புகள் அல்ல. யாரிடமாவது பேச வேண்டும் என்று வருபவை. அப்படி ஒருநாள் அழைத்த அம்மா, "பேர மட்டும் ரேடியோவுல சொல்லிடாதம்மா" என்ற நிபந்தனையோடுதான் பேச்சையே தொடங்கினார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி. அதன் கீழ்த்தளக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் அவரும் இன்னும் சில பெண்களும் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்தி வந்தார்கள். பதினொரு வருடமாக. வசதி உள்ளவர்கள் வீட்டுக்கு மாதம் ஐந்து வெள்ளி கொடுப்பார்கள். அதில் பயிற்சிப் புத்தகம், வெண்பலகைப் பேனா, பிள்ளைகளுக்கு மைலோ, பிஸ்கட். பணத்தை வைத்திருந்தவர், லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். இருபது காசு செலவு செய்தாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிற மனிதர். வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருந்தது. யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

ஒருநாள் மாரடைப்பில் அவர் போய்விட்டார்.

"காரியம் முடிஞ்ச பிறகு அவங்க வீட்டு அக்காகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம, நாங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம்மா" என்றார் அவர்.

அந்த அக்கா கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால், வங்கியைப் பொறுத்தவரை அது இறந்தவரின் சொந்தப் பணம். வாரிசுரிமைக் காரியங்கள் முடியும்வரை யாரும் தொட முடியாது. இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி அப்படியே முடங்கியது. அந்த நேரத்தில்தான், சமூகக் குழுக்களுக்கு ஊராட்சி மன்றம் மானியம் தருகிறது என்று யாரோ சொல்ல, பாரத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தார்கள். பதில் இரண்டே வரியில் வந்தது. குழு பதிவு செய்யப்படவில்லை; குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை.

வகுப்பு நின்றுபோனது. "கவர்மெண்டு காசு நம்மாளுங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காதாம்மா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் உடனே பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்கிறேன்.

அது யாருடைய பணம்?

வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி ரசீது வரும். 'சுக்காய் பிந்து' என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான். முதல் தவணையைப் பிப்ரவரி இறுதிக்குள்ளும், இரண்டாவதை ஆகஸ்ட் 31-க்குள்ளும் கட்ட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகைக்குள்தானே ஒளிந்திருக்கிறது!

ஊராட்சி மன்றங்களின் முக்கிய வருமானமே இந்த வரிதான். குப்பை அள்ளுவது, கால்வாய் சுத்தம் செய்வது, தெருவிளக்கு, பூங்கா என்று செலவுகள் போக, சமூக நடவடிக்கைகளுக்கும் பல மன்றங்கள் ஒரு தொகையை ஒதுக்குகின்றன. இந்த எண்ணம் புதிதல்ல. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பூமி உச்சநிலை மாநாட்டில் பிறந்தது 'லோக்கல் அஜெண்டா 21'. ஊர் மேம்பாட்டை மன்றமும் மக்களும் சேர்ந்து திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம். மலேசியாவில் 2000-ஆம் ஆண்டு அதற்கான முன்னோடித் திட்டம் தொடங்கியபோது தேர்வான நான்கு இடங்களில் பெட்டாலிங் ஜெயாவும் ஒன்று. மற்றவை குவாந்தான், மீரி, கிரியான்.

ஆகவே, மானியம் என்பது யாரோ மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல. நாம் கட்டியதில் ஒரு பகுதி நம் தாமானுக்கே திரும்பி வருகிறது. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்பவர்கள் பாதியிலேயே திரும்பி விடுகிறார்கள்.

எங்கே தவறுகிறோம்?

நம்மிடம் உழைப்புக்குக் குறைவில்லை. கோயில் திருவிழாவுக்கு ஆயிரம் பேருக்கு அன்னதானம் சமைக்கத் தெரிந்த சமூகம் இது. ஆனால், எல்லாவற்றையும் நம்பிக்கையின் பேரில் செய்கிறோம், காகிதத்தில் செய்வதில்லை. "அண்ணன் பாத்துக்குவாரு" என்பதுதான் நம் சங்கங்களின் எழுதப்படாத சட்டம். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது?

மானியம் தரும் மன்றத்துக்கு நம் அண்ணனைத் தெரியாது. பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டிய அதிகாரி, காகிதத்தைத்தான் பார்ப்பார். மன்றத்துக்கு மன்றம் விதிகள் மாறினாலும், பொதுவாகக் கேட்கப்படுபவை இவைதாம்: பதிவுச் சான்றிதழ், செயலவை உறுப்பினர் பட்டியல், குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கும் 'கெர்த்தாஸ் கெர்ஜா', செலவு மதிப்பீடு, கடைக்காரர்களிடம் வாங்கிய விலைப்பட்டியல். நடவடிக்கை முடிந்ததும் ரசீதுகளோடும் படங்களோடும் ஓர் அறிக்கை.

பதிவு செய்வது நாம் நினைப்பதுபோல் மலையைப் புரட்டும் வேலை அல்ல. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கம் அமைக்கலாம். சங்கங்களின் பதிவிலாகாவுக்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். இளைஞர் அமைப்புகளுக்கும் விளையாட்டுக் குழுக்களுக்கும் தனித்தனிப் பதிவாளர்கள் இருக்கிறார்கள்.

பதிவைவிடக் கடினமானது, அதைக் காப்பாற்றுவது. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த அறுபது நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவிடம் சமர்ப்பிக்க வேண்டும். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு அறிக்கையை மறந்த சங்கங்கள் நம்மிடையே ஏராளம். பதிவு ரத்தானது மானியம் கேட்கப் போகும்போதுதான் தெரிய வரும்.

உடனே பதிவு செய்ய முடியாத சிறிய குழுக்கள், தங்கள் வட்டாரத்தின் குடியிருப்பாளர் சங்கத்தோடோ ருக்குன் தெதாங்காவோடோ சேர்ந்து விண்ணப்பிக்க முடியுமா என்று மன்றத்தில் கேட்டுப் பார்க்கலாம். அப்படிச் சேரும்போது யார் என்ன செய்வது, பணம் எப்படிக் கைமாறும் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொள்ளுங்கள். நட்பு கெடாமலிருக்க அதுவே வழி.

நேரமும் முக்கியம். மன்றங்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடினால், "பெருந்துக்கான் ஹாபிஸ்" என்ற பதில்தான் கிடைக்கும். ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

மன்றங்களுக்கும் ஒரு வார்த்தை

எல்லாப் பழியையும் நம் தலையிலேயே போட்டுக்கொள்ளவும் வேண்டாம். இரண்டாயிரம் வெள்ளி கேட்கும் குழுவிடம் இருபதாயிரம் கேட்பவர்களுக்கு உள்ள அதே கட்டுக் காகிதத்தைக் கேட்டால், சிறிய குழு பயந்து ஓடத்தான் செய்யும். முதலில் செலவு செய்துவிட்டு ரசீதைக் கொண்டு வாருங்கள், பிறகு தருகிறோம் என்றால், கையில் காசில்லாத குழு எங்கே போகும்? மானியம் திறந்திருக்கும் செய்தி, அலுவலகத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

இதையெல்லாம் வாக்குச் சீட்டில் கேட்கவும் நமக்கு வழியில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு, உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆனால், அதே சட்டம் மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது போய் உட்கார்ந்திருக்கிறோம்?

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குப் பினாங்கு ஓர் உதாரணம். 2012-இல் பினாங்கு பெண்கள் மேம்பாட்டுக் கழகமும் ஊராட்சி மன்றங்களும் சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கின. ஜாலான் சுங்கை, அம்பாங்கான் ஆகிய மக்கள் வீடமைப்புப் பகுதிகளில், ஒதுக்கப்பட்ட பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பாளர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். அடுக்குமாடியில் வாழ்பவருக்குத் தன் தேவை தெரியும் என்று நம்பியதுதான் அதன் சிறப்பு.

மீண்டும் அந்தக் கூடத்தில்

சில மாதங்களுக்குப் பிறகு, அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்திருந்தார்கள். மலாய்மொழிப் பாரங்களை நிரப்பியது, முன்பு அதே வகுப்பில் படித்து இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு பெண். வங்கிக் கணக்குக்கு மூன்று பேர் பொறுப்பு. எந்தக் காசோலைக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். மூவரில் ஒருவர், மறைந்த அந்த அண்ணனின் மனைவி.

"நான் படிக்காதவ, எனக்கெதுக்குன்னுதான் சொன்னேன். இவங்க விடல" என்றார் அவர்.

கேட்டது ஐயாயிரம் வெள்ளி, கிடைத்தது மூவாயிரம். அதுவும் செலவு செய்த பிறகுதான். முதல் செலவுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். சனிக்கிழமை வகுப்பு மீண்டும் நடக்கிறது.

மேசைமேல் ஒரு தடித்த கோப்பு இருந்தது. திறந்து பார்த்தேன். பாரத்தில், குழு இதுவரை செய்த நடவடிக்கைகளுக்குச் சான்று கேட்டிருந்தார்கள். இவர்களிடம் படங்கள் அதிகம் இல்லை. அந்த அண்ணனின் நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நகலெடுத்து இணைத்திருந்தார்கள். தேதி, வந்த பிள்ளைகள் எண்ணிக்கை, மைலோவுக்கு எவ்வளவு, பேனாவுக்கு எவ்வளவு. பதினொரு வருடக் கணக்கு.

உங்கள் தாமானிலும் இப்படி ஒரு குழு இருக்கும். அதன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.