சும்மா கொடுத்த சட்டக் கல்லூரியை வேண்டாம் என்ற மாநிலம்: மாசசூசெட்ஸில் நடந்தது என்ன?

ஒரு தனியார் சட்டக் கல்லூரி, "கட்டடம், நிலம், நூலகம் எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கோங்க, காசு வேண்டாம்" என்று பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்திடம் சொல்கிறது. பல்கலைக்கழகமும் சந்தோஷமாகச் சரி என்கிறது. ஆனால் மாநில அரசின் உயர்கல்வி வாரியம் குறுக்கே வந்து, "முடியாது" என்கிறது.

இது நடந்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 2005-ல். ஹார்வர்டு சட்டக் கல்லூரி இருக்கும் அதே மாநிலம்தான். அங்கே அரசு சட்டக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. அது வருவதற்கு இன்னும் ஐந்து வருஷம் ஆனது. ஏன் இந்த இழுபறி? இலவசமாக வந்ததை யார் தடுத்தார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

ஹார்வர்டு இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

அப்போது மாசசூசெட்ஸில் ஒன்பது சட்டக் கல்லூரிகள் இருந்தன. ஒன்பதுமே தனியார். அமெரிக்காவில் அரசு சட்டக் கல்லூரி இல்லாத மாநிலங்கள் மொத்தம் ஆறுதான். அதில் இதுவும் ஒன்று.

விஷயம் கட்டணத்தில் இருக்கிறது. 2010 வாக்கில் பாஸ்டனில் இருந்த நடுத்தரத் தனியார் சட்டக் கல்லூரிகளிலேயே ஆண்டுக் கட்டணம் 40,000 டாலரை ஒட்டி இருந்தது. படிப்பு மூன்று வருஷம். அதற்கு முன்பு ஒரு இளநிலைப் பட்டமும் முடித்திருக்க வேண்டும். வீட்டில் வசதி இல்லாதவர்கள் கடன் வாங்கித்தான் படிக்கணும்.

கடன் சுமையோடு வெளியே வருகிறவர், ஏழைகளின் வாடகை வழக்கையோ குடியுரிமை வழக்கையோ எடுத்து நடத்த முடியுமா? ஆசை இருந்தாலும் மாதத் தவணை விடாது. பெரிய சம்பளம் தரும் நிறுவனத்தைத் தேடித்தான் போவார். அரசு சட்டக் கல்லூரி வேண்டும் என்று கேட்டவர்களின் முக்கிய வாதம் இதுதான்.

யார் கொடுத்தது, யாருக்கு?

கொடுக்க முன்வந்தது, 1981-ல் தொடங்கப்பட்ட சதர்ன் நியூ இங்கிலாந்து சட்டக் கல்லூரி. வாங்க நினைத்தது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின், அதாவது 'யூமாஸ்'-இன், டார்ட்மவுத் வளாகம். இரண்டும் பக்கத்து பக்கத்தில்தான். பாஸ்டனிலிருந்து தெற்கே சுமார் 95 கிலோமீட்டர்.

அந்தப் பகுதியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லணும். பக்கத்தில் நியூ பெட்ஃபோர்டு, ஃபால் ரிவர் என்று இரண்டு ஊர்கள். ஒருகாலத்தில் பஞ்சாலைகளால் செழித்தவை. ஆலைகள் மூடியபிறகு வேலை குறைந்தது. மீன்பிடித் தொழிலாளர்களும், போர்ச்சுகலிலிருந்து வந்து குடியேறியவர்களும் அதிகம் வாழும் இடம். பாஸ்டனின் வசதி இங்கே கிடையாது.

அந்தக் கல்லூரிக்கு ஒரு பெரிய குறையும் இருந்தது. அமெரிக்கன் பார் அசோசியேஷனின் (ஏபிஏ) அங்கீகாரம் இல்லை. மாசசூசெட்ஸில் வழக்கறிஞர் தேர்வு எழுதலாம். ஆனால் பெரும்பாலான மற்ற மாநிலங்களில் அந்தப் பட்டம் செல்லாது. அரசுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தால் அங்கீகாரம் கிடைக்க வழி பிறக்கும் என்பது கணக்கு.

2005-ல் தடுத்தது யார்?

2004 டிசம்பரில் யூமாஸ் அறங்காவலர் குழு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனால் அது போதாது. புதிய பட்டப்படிப்பு தொடங்க மாநில உயர்கல்வி வாரியமும் சம்மதிக்க வேண்டும். அந்த வாரியத்தின் பெரும்பாலான உறுப்பினர்களை நியமிப்பவர் ஆளுநர்.

இங்கே ஒரு குறிப்பு. அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் நம்ம ஊர் முதல்வர் மாதிரி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். அப்போது ஆளுநர் குடியரசுக் கட்சியின் மிட் ரோம்னி. 2012-ல் ஒபாமாவை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றவர். யூமாஸ் தலைவர் பதவியையே ஒழிக்க வேண்டும் என்று 2003-ல் யோசனை சொன்னவரும் இவர்தான்.

2005 மார்ச்சில் வாரியம் திட்டத்தை நிராகரித்தது. சொன்ன காரணம், செலவு. "இப்போது இலவசம்தான், ஆனால் ஏபிஏ அங்கீகாரம் வாங்க நூலகம், பேராசிரியர்கள் என்று கொட்ட வேண்டியிருக்கும். மாணவர் எண்ணிக்கை பற்றிய உங்கள் கணக்கு நம்பும்படி இல்லை. கடைசியில் வரி கட்டுபவர் தலையில்தான் விழும்" என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

செலவுக் கணக்கோடு இன்னொரு அழுத்தமும் சேர்ந்திருந்தது. சஃபோக், நியூ இங்கிலாந்து, வெஸ்டர்ன் நியூ இங்கிலாந்து ஆகிய மூன்று தனியார் சட்டக் கல்லூரிகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. (பெயர்கள் ஒரே மாதிரி இருந்தாலும் எல்லாம் வேறு வேறு கல்லூரிகள்.) ஹார்வர்டுக்கு இதில் கவலை இல்லை. நடுத்தர மாணவர்களை நம்பி ஓடும் கல்லூரிகளுக்குத்தான் குறைந்த கட்டணப் போட்டி வயிற்றில் புளியைக் கரைத்தது. அதிலும் சஃபோக்கில் படித்தவர்கள் அந்த மாநிலத்தின் அரசியலிலும் நீதித்துறையிலும் ஏராளம்.

2010-ல் எது மாறியது?

ஆட்சி மாறியது. 2007-ல் ஜனநாயகக் கட்சியின் டெவால் பேட்ரிக் ஆளுநரானார். வாரியத்தில் ஆட்களும் மாறினார்கள். 2009-ல் யூமாஸ் அதே திட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. நன்கொடையாக வந்த சொத்தின் மதிப்பு 2.2 கோடி டாலருக்கு மேல்.

தனியார் கல்லூரிகளின் எதிர்ப்பு இந்த முறையும் இருந்தது. பாஸ்டனைச் சேர்ந்த பயனியர் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பும் கணக்கு இடிக்கிறது என்று எச்சரித்தது. ஆனாலும் 2010 பிப்ரவரியில் வாரியம் பச்சைக்கொடி காட்டியது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் வகுப்புகள் தொடங்கின. உள்ளூர் மாணவர்களுக்குக் கட்டணம் ஆண்டுக்கு சுமார் 23,500 டாலர். பொதுநல வழக்கறிஞராகப் பணியாற்ற ஒப்புக்கொள்ளும் குறிப்பிட்ட சிலருக்குப் பாதிக் கட்டணம்.

அதே கல்லூரி, அதே இடம், அதே குறைகள். ஐந்து ஆண்டுகளில் மாறியது பெரும்பாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

அப்போ எதிர்த்தவர்கள் சொன்னது பொய்யா?

இல்லை. கதையின் சங்கடமான பகுதி இதுதான்.

அனுமதி வாங்குவதற்காகப் பல்கலைக்கழகம் ஒரு வாக்குறுதி கொடுத்தது: வரிப்பணத்தில் ஒரு பைசா வேண்டாம், கல்லூரி தன் காலில் நிற்கும். ஆனால் தொடங்கிய நேரம் சரியில்லை. அமெரிக்கா முழுக்க சட்டப் படிப்பில் முதலாண்டு சேர்ந்தவர்கள் 2010-ல் சுமார் 52,000 பேர். அதுதான் உச்சம். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வழக்கறிஞர் வேலைகள் சுருங்க, 2013-ல் அது 40,000-க்கும் கீழே போனது.

யூமாஸ் சட்டக் கல்லூரிக்கும் எதிர்பார்த்த மாணவர்கள் வரவில்லை. பற்றாக்குறை விழுந்தது. டார்ட்மவுத் வளாகம்தான் கைக்காசு போட்டுத் தாங்கியது. அந்த விஷயத்தில் எதிர்த்தவர்களின் கணக்கு சரி.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2012 ஜூனில் ஏபிஏ தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. 2016 டிசம்பரில் முழு அங்கீகாரமும் வந்தது. மாநில எல்லை தாண்டினால் செல்லாமல் இருந்த பட்டம், நாடு முழுக்க மதிக்கப்படும் பட்டமானது.

நாம் இதில் என்ன கவனிக்கணும்?

இரண்டு தரப்பும் ஐந்து ஆண்டுகள் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் சண்டை போட்டன: "அரசுக்குச் செலவு ஆகுமா, ஆகாதா?" ஆகும் என்றது ஒரு தரப்பு. ஆகவே ஆகாது என்றது இன்னொன்று. "செலவு ஆகும். ஆனால் கடனில் மூழ்காத வழக்கறிஞர்கள் இந்தப் பகுதிக்கு வேண்டும், அதற்காகச் செலவு செய்யலாமா?" என்ற கேள்வி ஓரமாகவே நின்றது.

அரசுப் பள்ளியோ அரசு மருத்துவமனையோ லாபம் தரவில்லை என்று யாரும் மூடச் சொல்வதில்லை. சட்டக் கல்லூரிக்கு மட்டும் அந்த நிபந்தனையைப் பல்கலைக்கழகமே தன் கழுத்தில் மாட்டிக்கொண்டது. அனுமதி கிடைத்தது; ஆனால் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பழைய வாக்குறுதி திரும்ப வந்து கேள்வி கேட்டது.

அடுத்த முறை எங்காவது ஒரு அரசுக் கல்லூரித் திட்டம் "நிதிச்சுமை" என்ற காரணத்தால் நிற்பதாகச் செய்தி படித்தால், மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். முடிவெடுக்கும் குழுவை நியமித்தது யார்? அந்தக் கல்லூரி வந்தால் யாருக்கு மாணவர்கள் குறைவார்கள்? வராவிட்டால் யார் கடன் வாங்கிப் படிப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கான பதில், பெரும்பாலும் அந்தச் செய்தியில் இருக்காது.