கோப்பையில் ஓர் அறுசுவைப் பாடம்

ஒயினைச் சுவைத்துப் பார்க்கக் கற்றுத்தரும் வகுப்புகள் மும்பையில் நடக்கின்றன. மாதுங்கா சமையலறையில் வளர்ந்த நாக்கு அங்கே கைகொடுக்கிறது. தாராவியின் நினைவுகளோ தயங்க வைக்கின்றன.

மேஜைமேல் மூன்று கண்ணாடிக் கோப்பைகள். பக்கத்தில் ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டு, உப்பு, சர்க்கரை, மிளகாய்ப் பொடி. துப்புவதற்கு ஒரு குவளை. ஆரம்ப வகுப்புக்கு வேண்டிய சாமான்கள் அநேகமாக இவ்வளவுதான். நிறத்தைப் பார், முகர், ஒரு வாய் எடுத்துச் சுழற்று, பிறகு துப்பு. போதை ஏறினால் நாக்கு வேலை செய்யாது என்பது இங்கே பாலபாடம்.

உலகெங்கும் பரவலாக உள்ள ஆரம்பப் பாடத்திட்டம் டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற அறக்கட்டளையுடையது. 1969இல் லண்டனில் தொடங்கப்பட்ட இதன் முதல் நிலைப் படிப்பு ஆறு மணி நேரம். முடிவில் 30 கேள்விகள் கொண்ட தேர்வு. சுவைத்துக் காட்டும் தேர்வு இந்த நிலையில் கிடையாது. இத்துறையின் உச்சப் பட்டமான ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ பெற்ற முதல் இந்தியர் மும்பையைச் சேர்ந்த சோனல் ஹாலண்ட்தான். ஆண்டு 2016.

புதியவர்களைத் திணறவைக்கும் பாடம் ‘டானின்’. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் சத்து இது. நாக்கையும் ஈறையும் உலர்த்தி இழுத்துப் பிடிக்கும். மேலைநாட்டுச் சுவைப் பட்டியலில் இதற்கு இடமில்லை. தொடு உணர்வு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தமிழர் வீட்டில் இதற்குப் பெயர் துவர்ப்பு. மாதுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவும் பாக்கும் வாங்கிப் பழகியவர்களுக்கு, நாவல்பழம் தின்று நாக்கு நீலமானவர்களுக்கு, பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

எந்த உணவுக்கு எந்த ஒயின் என்ற பகுதியில்தான் நம் சாப்பாடு சிக்கலாகிறது. விதிகள் எளியவை. உணவில் உப்பும் புளிப்பும் இருந்தால் ஒயின் மென்மையாகத் தெரியும். உணவில் இனிப்பு இருந்தால் அதே ஒயின் கசப்பாகவும் புளிப்பாகவும் மாறும். ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைக் கூட்டும்.

இதை இலைமேல் வைத்துப் பார்த்தால்? புளி தூக்கலான ரசத்துக்கு முன்னால் புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும். காரமான செட்டிநாட்டுக் கோழியோடு துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் சேர்ந்தால் வாய் எரியும்; ஆல்கஹால் குறைந்த, சற்றே இனித்த, குளிர்ந்த வெள்ளை ஒயின் தாக்குப்பிடிக்கும். எண்ணெயில் பொரித்த, உப்புள்ள மெதுவடைக்கு நுரைக்கும் ஒயின் பொருந்தும். பாயசத்துக்கு என்றால் அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும். மும்பை வெயிலில் இன்னொரு விஷயமும் உண்டு. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்பது ஐரோப்பியக் குளிருக்குச் சொன்னது. இங்கே அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

கோப்பையில் இருப்பது பெரும்பாலும் பக்கத்து ஊர்ச் சரக்குதான். அமெரிக்காவில் பொறியியல் படித்துத் திரும்பிய ராஜீவ் சமந்த் நாசிக்கில் தொடங்கிய சுலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000இல் வந்தது. அதற்கு முன்பே புனே மாவட்டம் நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலேயின் இண்டேஜ் நுரைக்கும் ஒயின் தயாரித்தது. தமிழனுக்கும் ஒயின் புதிதல்ல. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாடியிருக்கிறார்.

ஆனால் மும்பைத் தமிழர் நினைவில் மது என்றால் தேறல் அல்ல. மாதுங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தாராவி. 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இங்கே கள்ளச் சாராயத்தை வளர்த்தது. அந்தத் தொழிலில்தான் வரதராஜ முதலியார் எழுந்தார். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் விஷச் சாராயம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கணவனின் கூலி சாராயக் கடையில் கரைவதைப் பார்த்த பெண்ணிடம் போய் ‘ஒயின் ஒரு கலாசாரம்’ என்று சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்க மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது. திராட்சை விவசாயிக்கு லாபம் என்றது அரசு. உண்ணாவிரதம் இருப்பேன் என்றார் அண்ணா ஹசாரே. மறு ஆண்டு ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று மதுவுக்கு ஒன்றும் இல்லை என்று அறிவித்தது.

அப்படியானால் வகுப்புக்கு ஏன் போக வேண்டும்? செம்பூரில் ஓட்டல் நிர்வாகம் படிக்கும் இளைஞனுக்கும் பெண்ணுக்கும் இது பிழைப்புக்கான படிப்பு. நட்சத்திர ஓட்டலில் வாடிக்கையாளரின் மேஜையருகே நிற்க வேண்டியவர்கள் அவர்கள். ‘மதுவைத் தொடாதே’ என்று சொல்லி வளர்த்த அம்மாவிடம், தொடாமலே தேர்வு எழுதலாம், தொட்டாலும் துப்பிவிடலாம் என்று அவர்கள் தாராளமாகச் சொல்லலாம். அது உண்மையும்கூட.

மற்றவர்களுக்கு மிஞ்சுவது, சாப்பிடும்போது நாக்கைக் கவனிக்கும் பழக்கம். அதைப் பழகியபின் ஞாயிற்றுக்கிழமை இலையில் அமர்ந்தால் ஒன்று தெரியும். மிளகாயின் எரிச்சலைப் பாலின் புரதம் தணிக்கும். ஒயினால் அது முடியாது. கடைசியில் மோர் ஊற்றச் சொன்னவர்கள் விவரமானவர்கள்தான்.