சோளகக் காற்றில் கைக்குழந்தை

தீவகத்துக் கோடை: தொடர் – 9

யாழ்ப்பாணத் தீவகத்தில் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குத் திசையிலிருந்து ஓயாது வீசும் காற்றைச் சோளகம் என்பர். மழையோடும் குளிரோடும் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்கு நேரெதிரான இக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்வதோடு நிலத்தின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுவதால், ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களில் என்ன உண்பது, எங்கே போவது, மாலைப்பொழுதை எந்த முற்றத்தில் கழிப்பது என்பன பெரும்பாலும் அதன் போக்கையே சார்ந்திருக்கின்றன. கைக்குழந்தை உள்ள வீடும் இதற்கு விலக்கன்று. கிணறுகளையும் பனைகளையும் பற்றி இதுவரை பேசிவந்த இத்தொடர், ஒரு வயது நிரம்பாத குழந்தையோடு தீவகத்துப் பெற்றோர் கோடையை எவ்வாறு கழித்துவந்தனர் என்பதை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறது.

இன்று கோடையில் இத்தீவுகளில் காணப்படும் குழந்தைகளுள் ஊரிலேயே பிறந்து வளர்பவை ஒருபுறமிருக்க, கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, பிரித்தானியா முதலிய நாடுகளிலிருந்து பெற்றோரின் விடுமுறையோடு வந்திறங்குபவையும் உண்டு. மேலைநாட்டுப் பள்ளி விடுமுறைக் காலமும், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஆனி மாதத்தில் 16 நாட்கள் நடைபெறும் திருவிழாவும், அதனை அடுத்து நல்லூரில் 25 நாட்கள் நடைபெறும் திருவிழாவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவது தற்செயலே. எனினும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் தீவகத்து வீடுகள் திறக்கப்பட்டு, முற்றம் கூட்டப்பட்டு, ஏணை எனப்படும் சேலைத் தொட்டில் வளையில் கட்டப்படுவதற்கு அத்தற்செயலே காரணமாகிவிட்டது.

விளையாட்டுச் சாமான்களைக் கடையில் வாங்கும் வழக்கம் பரவுவதற்கு முன்னர், பெரியவர்களின் கைவேலையில் மிஞ்சியது எதுவோ அதுவே குழந்தையின் கைக்குப் போயிற்று. கோடையின் தொடக்கத்தில் பனையிலிருந்து இறக்கப்படும் நுங்கின் கண்களைப் பெருவிரலால் தோண்டி உண்டபின் எஞ்சும் ஓட்டுக்குக் கோம்பை என்று பெயர். கோம்பையை வெட்டி மாட்டுக்குப் போடுவது வீட்டு வேலை. ஆனால் அளவொத்த இரண்டு கோம்பைகளை மட்டும் எடுத்து வைத்து, நடுவே ஒரு தடியை அச்சாகக் கோத்து, கவருள்ள நீண்ட கம்பொன்றை அவ்வச்சின்மேல் பொருத்தித் தள்ளினால் அது வண்டிலாகிவிடும். தென்னங்குரும்பட்டியில் ஈர்க்குகளைக் குத்திக் கட்டும் குரும்பட்டித் தேரும் இவ்வகையினதே. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்து, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகச் சிறுதேர் உருட்டுதலை வைக்கிறது. இரு கைகளையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவத்துக் குழந்தைக்குத் தேர் உருட்டும் வயது வர நெடுநாள் இருக்கிறது என்பதால், ஆறு மாதக் குழந்தையின் முன் கோம்பை வண்டிலை முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை ஓட்டிக் காட்டுபவர் உண்மையில் தாமே விளையாடுகிறார் என்று கொள்வதில் தவறில்லை. குழந்தை பார்வையாளர், பல வேளைகளில் அதுவும் கோம்பையைத் தின்ன வரும் ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஓலைவேலையும் அவ்வாறே. குருத்தோலையையும் சார்வோலை எனப்படும் சற்று முற்றிய ஓலையையும் வெயிலில் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, வேண்டிய அகலத்துக்கு வார்ந்து, பெட்டி, கடகம், நீற்றுப்பெட்டி, பாய் என்று இழைப்பது தீவகத்துப் பெண்களின் கோடைக்காலப் பகல்வேலை. இழைத்து மிஞ்சிய ஓலைத் துண்டுகளை நாற்கோணக் கூடாக மடித்து, உள்ளே சிறுகல்லையோ விதையையோ இட்டு, வால்போல ஒரு கைபிடி விட்டால் கிலுகிலுப்பை ஆயத்தம். 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் முயற்சிகளோடு ஓலைக் கைவினை ஒரு தொழிலாகப் பேணப்பட்டுவருகிறது. சாயமிட்ட கிலுகிலுப்பைகள் விடுமுறைக்கு வருவோரின் பயணப் பொதிகளில் இடம்பெறுகின்றன. கையில் அகப்பட்டதை வாயில் வைக்கும் வயதினருக்குச் சாயமிடாத வெள்ளோலையே ஏற்றது. உள்ளே இடுவதற்குக் குன்றிமணியின் நிறம் கவர்ச்சியாக இருப்பினும் அவ்விதை கொடிய நஞ்சுடையது. கூடு பிரிந்து ஒரு மணி குழந்தையின் வாய்க்குப் போனாலும் ஆபத்து என்பதால் அதனை அறவே தவிர்க்க வேண்டும்.

குளிப்பாட்டுவது கோடையில் ஒரு தனி நிகழ்ச்சி. தீவகத்துக் கிணறுகளிற் பல, மழை நின்று சில மாதங்களில் சவர்த் தண்ணீர், அதாவது உப்புக் கரிக்கும் நீர், தருபவை. குடிநீருக்குப் பவுசரை எதிர்பார்க்கும் குறிச்சிகளில் குழந்தையின் குளியலுக்கென்று நன்னீரில் ஒரு வாளி ஒதுக்கப்படுகிறது. காலையில் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி வெயிலில் வைத்த நீர் உடற்சூட்டை அடைந்ததும், அம்மம்மா முற்றத்தில் கால்களை நீட்டி அமர்ந்து, எண்ணெய் பூசிய குழந்தையைத் தம் கால்களின் மீது கிடத்தி, முகத்தில் நீர் வழியாதபடி நெற்றியின்மேல் ஒரு கையை அணைபோல வைத்து, மறுகையால் வார்ப்பார். குழந்தையின் தலைக்கும் மூக்குக்கும் வடிவம் பிடிப்பதாகச் சொல்லி அழுத்துவது மட்டும் விட்டுவிட வேண்டிய பழக்கம். மண்டையோட்டின் எலும்புகள் அவ்வயதில் இன்னும் பொருந்தி முடிந்திருப்பதில்லை. இதனை அம்மம்மாவிடம் சொல்லும் துணிவு வெளிநாட்டிலிருந்து வந்த மருமகனுக்கு எளிதில் வருவதில்லை.

கடலுக்குக் கூட்டிச் செல்வது வேறொரு கணக்கு. வேலணையின் சாட்டிக் கடற்கரையும் காரைநகரின் கசூரினாக் கடற்கரையும் நெடுந்தூரம் ஆழமற்றவை என்பதால், மடியில் வைத்திருக்கும் குழந்தையின் பாதத்தை நீரில் தொடவைத்து மகிழும் பெற்றோருக்கு ஏற்றவை. ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையை நேர்வெயிலில் வைத்திருக்கலாகாது. அவ்வயதில் தாய்ப்பாலே போதும், வெயிலுக்கென்று தனியாகத் தண்ணீர் பருக்கத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடுமாகும். ஆகவே காலை வேளை, அல்லது வெயில் தாழ்ந்த மாலை. குழந்தையின் முதற் படகுப் பயணத்துக்கு ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும் பாதை போதுமானது. பாதை என்பது மோட்டார்ச் சைக்கிள்களையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவை. சில நிமிடங்களில் கடந்துவிடும் அத்துறையில், ஒருபக்கம் கடல் நடுவே எழுந்து நிற்கும் கடற்கோட்டையைப் பெரியவர்களும் பார்த்துக்கொள்ளலாம்.

புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் போவது கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகும் பயணம். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகம் உரத்து வீசும் நாட்களில் நெடுந்தீவுப் படகு ஆடும் ஆட்டத்தில் வளர்ந்தவர்களே வாந்தி எடுப்பர்; பெரியவர்களுக்காகத் தைத்த உயிர்காப்பு அங்கி கைக்குழந்தைக்குப் பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். முருகைக்கல்லை அடுக்கிய வேலிகளையும், உள்ளே ஆள் நிற்கக்கூடிய பொந்துடைய பெருக்கமரத்தையும், வெளியில் திரியும் கட்டைக் குதிரைகளையும் காண்பதற்காக நெடுந்தீவு செல்லும் குடும்பங்கள் கைக்குழந்தையோடு போவதாயின், சோளகம் பிறக்குமுன் சித்திரையில் கடல் அமைந்திருக்கும்போது போவதே அறிவுடைமை. இப்பயணத்தை வெறும் உல்லாசமாக எழுதிவிட முடியாத காரணமும் ஒன்றுண்டு. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதில் சென்ற ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாள் நினைவுகூரப்படுவதும் சோளகம் தொடங்கும் அதே வைகாசியில்தான்.

ஆடி முதல் நாளாகிய ஆடிப்பிறப்பு, வீட்டோடு கொண்டாடும் நாள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடலால் யாழ்ப்பாணத்தார் அனைவருக்கும் மனப்பாடமான இந்நாளில், வறுத்த பச்சரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி என்பன சேர்த்து ஆடிக்கூழ் காய்ச்சப்படும். ஒடியல் மாவில் மீனும் நண்டும் இட்டுக் காய்ச்சும் உறைப்பான ஒடியற்கூழ் இதனின் வேறானது. அது உறவினர் கூடும் எந்தக் கோடை மாலைக்கும் உரியது. இரண்டையும் குடிக்கப் பிலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திக்கொள்வர். ஆறு மாதம் கடந்த குழந்தையின் நாக்கில் ஆடிக்கூழை ஒரு துளி தடவுவதோடு நிறுத்திக்கொள்வதே நன்று. பல் முளைக்காத வாய்க்கு இனிப்பைப் பழக்க வேண்டிய அவசரம் எதுவுமில்லை.

பல் முளைத்தாலோ, அதற்கென்றே ஒரு விழா இருக்கிறது. பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளிட்டுப் பிறைவடிவில் அவித்த கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசைபோலப் பதித்துச் செய்வது பல்லுக்கொழுக்கட்டை. குழந்தையைப் புதுத்துணியில் இருத்தி, மாமி முறையானவர் கொழுக்கட்டைகளைத் தலைமேல் மெல்லச் சொரிய, சுற்றியிருக்கும் சிறுவர் அவற்றைப் பொறுக்கி உண்பர். முன்னால் புத்தகம், பேனை, நகை, காசு முதலிய பொருட்கள் பரப்பப்படும். குழந்தை எதனை முதலில் எடுக்கிறதோ அத்துறையில் அது சிறக்கும் என்பது நம்பிக்கை. ஆர்மேனியரிடையே அக்ரா ஹாதிக் என்னும் பெயரில் முதற்பல்லுக்காக அவித்த கோதுமையைக் குழந்தையின் தலைமேல் தூவி, இதேபோலப் பொருட்களைப் பரப்பி எடுக்கச்செய்யும் வழக்கம் உண்டு; கொரியர் முதலாம் பிறந்தநாளில் பொருட்களை எடுக்கச் செய்கின்றனர். ஒன்றிலிருந்து ஒன்று வந்ததாகக் கொள்ளச் சான்று தேவைப்படும். ஆனால் எங்கும் குழந்தையைச் சாட்டாக வைத்துப் பெரியவர்கள் தம் ஆசைகளை ஆடிப் பார்க்கின்றனர் என்ற அளவில் ஒப்புமை தெளிவானது.

முதற்பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி வருவதாயினும், பேரனையோ பேத்தியையோ ஊரில் வைத்துக் காணவேண்டும் என்பதற்காகக் கோடை விடுமுறைவரை விழாவை ஒத்திவைக்கும் குடும்பங்களும் உண்டு. அதற்குள் நான்கு பல் வந்துவிட்ட குழந்தை, தலைமேல் விழுந்ததைத் தானே எடுத்துக் கடிக்கப் பார்க்கும். தேங்காய்ச் சொட்டு தொண்டையில் சிக்கக்கூடியது என்பதால் அருகில் ஒருவர் விழிப்பாக இருத்தல் வேண்டும். பரப்பப்படும் பொருட்களிடையே மருத்துவரின் இதயத்துடிப்புமானியும் மடிக்கணினியும் இப்போது சேர்ந்துவிட்டன. குழந்தை சீப்பை நோக்கித் தவழத் தொடங்கினால், புத்தகத்தைச் சற்றுக் கிட்ட நகர்த்திவைக்கும் கை ஒன்று எல்லா வீடுகளிலும் உண்டு. ஒளிப்பதிவில் அந்தக் கை தெரிந்தாலும் அதனை யாரும் வெட்டி நீக்குவதில்லை.