மடிக்கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். 1980களில் அந்த ஆய்வகத்தார் விண்மீன்களின் நிறமாலைகளைப் பகுத்தாய வாக்ஸ் 11/780 என்னும் கணிப்பொறியைப் பயன்படுத்தினார்கள். பீரோக்களை வரிசையாக நிறுத்தி வைத்தாற்போன்ற பெரிய இயந்திரம் அது. அதன் கடிகாரத் துடிப்பு வினாடிக்கு 50 இலட்சம். அது நிறைவேற்றிய கட்டளைகள் வினாடிக்கு ஏறக்குறைய 5 இலட்சம். இன்று அதே மலையில், ஏதோ ஒரு வீட்டுக் கட்டிலின்மேல் கிடக்கும் மடிக்கணினியின் துடிப்போ வினாடிக்கு 200 கோடி அளவில் இருக்கிறது. கணக்கிடும் ஆற்றலில் அது வாக்ஸைப்போலப் பல ஆயிரம் மடங்கு. விண்மீனின் ஒளியைப் பகுக்க அந்தப் பழைய இயந்திரம் போதுமானதாக இருந்தது. உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றைத் திறந்து காட்ட இந்தப் புதிய இயந்திரத்துக்கு ஐந்து நிமிடம் பிடிக்கிறதே, ஏன்?

"பழசாகிவிட்டது" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் விடை. இயற்பியல் படித்தவர்கள் இந்த விடையை ஏற்கக் கூடாது. உழவு மாட்டுக்கு வயதாகும். சைக்கிள் சங்கிலி துருப்பிடிக்கும். ஆனால் கணிப்பொறிக்குள் தாளம் போடும் குவார்ட்ஸ் படிகம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே தாளத்தைத்தான் போடுகிறது. வாங்கிய அன்று இரண்டு எண்களைக் கூட்ட எவ்வளவு நேரம் ஆயிற்றோ, இன்றும் அவ்வளவு நேரமே ஆகிறது. அப்படியானால் மந்தம் எங்கிருந்து வருகிறது? ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். எடை போடுபவர் சுறுசுறுப்பானவர்தான். ஆனால் கிடங்கிலிருந்து மூட்டை வந்து சேர வேண்டும். அதுவரை அவரும் காத்திருக்கிறார், வரிசையும் காத்திருக்கிறது. மந்தமான கணிப்பொறி என்பது பெரும்பாலும் காத்திருக்கும் கணிப்பொறிதான். அது எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மலை ஊர்களில் வீட்டுக் கணிப்பொறி என்றால் பெரும்பாலும் அது தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினியே. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. முதலில் வந்தவற்றில் 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வன்தட்டும் இருந்தன, பின்னாளில் வந்தவற்றில் 4 ஜி.பி.யும் 500 ஜி.பி.யும். அக்காள் பிளஸ் டூவில் வாங்கியதைத் தம்பி பயன்படுத்துகிறான். அதன்பின் அத்தை மகள் கேட்டு வாங்கிப் போகிறாள். சாதிச் சான்றிதழின் படம், மதிப்பெண் பட்டியல், பாடக் குறிப்பு எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்" என்று மலையடிவாரத்துக் கடைக்காரர் சொல்லிவிடலாம். சாமை விற்ற காசில் வாங்கிவிடக்கூடிய பொருளன்று புதுக் கணிப்பொறி.

ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வோமோ அதையே இங்கும் செய்ய வேண்டும்; முதலில் அளக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகமும் கைக்கடிகாரமும் போதும். விசையை அழுத்தியது முதல் ஒரு கடிதம் திரையில் திறக்கும் வரை எத்தனை வினாடி? சற்று ஓய்ந்த பிறகு, இரண்டாம் முறை அதே கடிதத்தைத் திறக்க எத்தனை வினாடி? ஒரு மணி நேரம் வேலை செய்தபின் எத்தனை? இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, மறுபடி அளங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றிவிட்டால் எது பயன் தந்தது என்று தெரியவே தெரியாது.

இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஜமுனாமரத்தூரை விட்டுச் சற்று உள்ளே போனால் செல்போன் அலை கிடைப்பதே அரிதாகும் இடங்கள் உண்டு. கணிப்பொறியிலேயே உள்ள கடிதம் சட்டென்று திறந்து, இணையப் பக்கம் மட்டும் ஊர்ந்தால், குற்றவாளி உங்கள் வீட்டில் இல்லை.

விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பலகை வரும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற மூன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு உழைக்கின்றன என்று எழுதியிருக்கும். (சில இயந்திரங்களில் "கூடுதல் விவரம்" என்பதைத் தட்டினால்தான் தெரியும்.) மந்தமாக இருக்கும் அந்த நேரத்திலேயே இதைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போதுதானே வெப்பமானியை வைக்கிறோம்!

பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் நீங்கள் காணப்போவது இதுதான்: சி.பி.யு. 10, 15 என்று ஓய்வாக இருக்கும். டிஸ்க் மட்டும் 100இல் நிற்கும். இதன் பொருளைப் புரிந்துகொள்ள வன்தட்டுக்குள் நுழைந்து பார்ப்போம்.

வன்தட்டு என்பது காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடு. மடிக்கணினித் தட்டுகளில் பல நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றுபவை. அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. நாம் தேடும் செய்தி படிப்புமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, சுமார் 5.5 மில்லி வினாடி, காத்திருக்க வேண்டும். முனை சரியான வளையத்துக்கு நகர மேலும் 12 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம். ஆக ஒரு செய்தித் துணுக்கை எடுக்க 18 மில்லி வினாடி. வினாடிக்கு 55 துணுக்குகள்தாம். துணுக்கு ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால், வினாடிக்குக் கிடைப்பது 220 கிலோபைட். அதே தட்டு, தொடர்ச்சியாக எழுதப்பட்ட ஒரு திரைப்படத்தைப் படிக்கும்போது வினாடிக்கு 80, 100 மெகாபைட்டுகூடத் தரும். தட்டு மாறவில்லை, சுழற்சி மாறவில்லை. சிதறிக் கிடப்பதால் மட்டுமே நானூறு மடங்கு வேறுபாடு! கணிப்பொறி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்கிறது. தொடக்கம் ஏன் இழுக்கிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

தட்டு நிறைய நிறைய இன்னொன்றும் நேர்கிறது. நேர்வேகம் ஆரத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள். வெளி வளையத்தில் ஒரு சுற்றுக்கு அதிகச் செய்தி முனையைக் கடக்கிறது. உள் வளையத்தில் ஏறக்குறைய அதில் பாதி. பொதுவாக வெளியிலிருந்து உள்நோக்கியே தட்டு நிரம்புவதால், கடைசியாகச் சேர்த்தவை மெதுவான இடத்தில் போய் உட்காருகின்றன. ஆகவே பார்த்து முடித்த படங்களை நீக்குவது வீண் வேலை அன்று.

நினைவகத்தின் கதை இத்துடன் பின்னியது. நினைவகத்தில் ஒரு செய்தியை எட்டி எடுக்க 100 நானோ வினாடி போதும். வன்தட்டுக்கு 18 மில்லி வினாடி. இதை மனித அளவுக்கு மாற்றிப் பாருங்கள். மேசைமேல் உள்ள பேனாவை எடுக்க ஒரு வினாடி என்றால், வன்தட்டிலிருந்து எடுப்பதற்கு 1,80,000 வினாடி. அதாவது இரண்டு நாளும் இரண்டு மணி நேரமும். நினைவகம் நிறைந்துவிட்டால் இயக்க அமைப்பு என்ன செய்கிறது தெரியுமா? உடனடியாகத் தேவைப்படாதவற்றை வன்தட்டில் கொண்டுபோய் வைக்கிறது. நீங்கள் அந்தச் சாளரத்துக்குத் திரும்பியதும் மறுபடி எடுத்து வருகிறது. ஒரு சாளரம் மட்டும் திறந்திருக்கையில் நன்றாக ஓடி, ஐந்தாறு திறந்ததும் கணிப்பொறி திணறுமானால், மெமரி 90க்கு மேல் நிற்குமானால், நோய் இதுவே.

அண்மையில் எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் தம் அக்காள் 2018இல் பெற்ற மடிக்கணினியை மலையிலிருந்து கொண்டுவந்தார். ஒரு கடையில் "மதர்போர்டு போய்விட்டது" என்று சொல்லிவிட்டார்களாம். மதர்போர்டு போயிருந்தால் அது தொடங்கவே தொடங்காதே, தம்பி, என்றேன். தொடங்கிக் கடிதம் திறக்க ஏழு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. டிஸ்க் 100, சி.பி.யு. 12. சான்றிதழ்களையெல்லாம் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, இயக்க அமைப்பைப் புதிதாகப் பதித்தோம். அறிவியல் மன்றத்து மாணவர்களே திருப்புளியைப் பிடித்தார்கள். மறுபடி அளந்தபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அதே மெஷினா சார் இது?" என்று அந்த மாணவர் கேட்டார். நுண்செயலியும் நினைவகமும் பழையவைதாம். காத்திருப்பு மட்டுமே போயிற்று.

எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் தகடும் இல்லை, நகரும் முனையும் இல்லை. சில்லுக்குள் அடைபட்ட மின்னூட்டமாகச் செய்தி இருக்கிறது. எங்கிருந்து எடுத்தாலும் 0.1 மில்லி வினாடி அளவே ஆகும். முன்சொன்ன மனித அளவில் இரண்டு நாள் என்பது கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகச் சுருங்குகிறது. பழைய மடிக்கணினியில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு செலவிட முடியும் என்றால் இதற்கே செலவிடுங்கள் என்பேன். வாங்குமுன் உங்கள் வன்தட்டு இரண்டரை அங்குல சாட்டா வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் சிதறலால் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. ஆகவே வன்தட்டுக்குச் செய்வதுபோலக் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை இதற்கு வேண்டாம்.

நினைவகத்தைக் கூட்டுவதும் நல்லதே. ஆனால் ஒரு கண்ணி உண்டு. திட்டத்தின் முதல் கட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு இருந்தது. அந்தப் பதிப்பு 2 ஜி.பி.க்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்தாது. இயக்க அமைப்பை மாற்றாமல் 4 ஜி.பி. வாங்கிச் செருகினால் காசுதான் வீண். மேலும் விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று பொது ஆதரவு முடிந்தது. 2 ஜி.பி. இயந்திரத்துக்கு லினக்ஸின் எளிய பதிப்புகளில் ஒன்று பொருந்தும். லினக்ஸ் இவற்றுக்குப் புதிய உறவும் அன்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தொடக்கத்திலேயே அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்த்துத் தரப்பட்டதுதான். பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

இன்னொரு வகை மந்தம் உண்டு. தொடங்கும்போது நன்றாக இருக்கும். பத்து, பதினைந்து நிமிடம் ஆனதும் விசிறி இரையும், வேகம் விழும், அடிப்பக்கம் சுடும். இது வெப்பம். நுண்செயலி உமிழும் வெப்பம் அதன் துடிப்பு வேகத்தையும், மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ள இரண்டையும் குறைக்கிறது. இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே வெப்பம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் (0.8ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்). காவலூரிலும் தொலைநோக்கியின் சிலிக்கான் சில்லைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கிறார்கள். ஆனால் அங்கே அஞ்சுவது வெப்பத்தால் எழும் பொய்யான எலெக்ட்ரான்களுக்கு.

நம் வீட்டுக்குத் திரவ நைட்ரஜன் வேண்டாம், ஒரு தூரிகை போதும். விறகடுப்புப் புகையின் பிசுக்கும், தூசியும், கம்பளி நூலும் சேர்ந்து விசிறிக்குப் பின்னுள்ள செம்புத் தகடுகளின் இடுக்கில் மெத்தைபோல் படிந்துவிடுகின்றன. மின்சாரத்தைத் துண்டித்து, மின்கலத்தைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து அதை எடுக்க வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்தால் விசிறி தானாகச் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். நுண்செயலிமேல் உள்ள வெப்பப் பசை காய்ந்த சுண்ணாம்புபோல் உதிர்ந்தால், துடைத்துவிட்டுப் புதிதாக ஓர் அரிசி மணி அளவு வைத்தால் போதும். கட்டில்மேல், கம்பளியின்மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். காற்று நுழையும் வாய் கீழேதான் இருக்கிறது. மலையில் காற்று மெல்லியதாக இருப்பதால் குளிர்ச்சி குறையுமோ என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 700, 800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு குறையும். ஆனால் அந்தக் காற்று சமவெளிக் காற்றைவிடக் குளிர்ந்தது. அது ஈடுகட்டிவிடும்.

மின்னழுத்தம் குறைவாக வருவதால் கணிப்பொறி மெதுவாகிறது என்று பலர் நம்புகிறார்கள். விளக்கு மங்கும், மின்விசிறி தளரும். மடிக்கணினியின் சார்ஜரோ பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்று, ஒரே சீரான மின்னழுத்தத்தைக் கொடுக்கும். ஆனால் மின்கலம் செத்துப்போனாலோ, கழற்றி வைத்தாலோ சில மாதிரிகள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொள்வதுண்டு. திடீர் மின்தடையின்போது வன்தட்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடுவதும் மின்கலம் இல்லாததால்தான்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் என்ற பகுதி உண்டு. தேவையில்லாமல் தொடக்கத்திலேயே எழுந்து நிற்பவற்றை அங்கே அணைத்துவிடுங்கள். வைரஸ் தடுப்பான் ஒன்று போதும். இரண்டிருந்தால் ஒவ்வொரு கோப்பையும் இருவர் சோதிப்பார்கள். "வேகத்தை இரட்டிப்பாக்குவோம்" என்று வரும் இலவச மென்பொருள்களை என் மாணவர்களைத் தொடவிடுவதில்லை. அவையும் தொடக்கத்தில் எழுந்து நிற்கும் கூட்டத்தில் இன்னொருவர்தாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என்ற ஒலி கேட்டாலோ, சில கோப்புகளைத் தொட்டதும் கணிப்பொறி உறைந்து நின்றாலோ, அளப்பதையெல்லாம் நிறுத்துங்கள். கெட்டுப்போன இடத்தைத் தட்டு திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று பொருள். அது எப்போது நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், புகைப்படங்கள் ஆகியவற்றை உடனே பென் டிரைவிலோ வேறு கணிப்பொறியிலோ பிரதி எடுங்கள். மற்ற எதுவும் அதற்குப் பிறகே.

நல்ல நிலையில் கழற்றப்பட்ட வன்தட்டை யு.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டால் பிரதிகளைச் சேமிக்கும் பெட்டியாகும். செத்துப்போனதையும் வீசிவிடாதீர்கள், உங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் கொடுங்கள். முனையை நகர்த்தும் பகுதியில் வலிமை மிக்க நியோடிமியக் காந்தங்கள் இருக்கின்றன. சரிவாக வைத்த தடித்த அலுமினியத் தகட்டில் அதை வழுக்கவிட்டால், சுழல் மின்னோட்டத்தைக் கண்ணாரக் காட்டலாம். விரல் இடுக்கில் சிக்கினால் இரத்தம் கட்டிவிடும். சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.