குண்டு போட்ட விமானமும் பாட்டியின் கேள்வியும்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு டேட்டன் நகரிலுள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே பளபளவென்று மின்னும் ஒரு பெரிய குண்டுவீச்சு விமானம் நிற்கிறது. பி-29 ரகம். பெயர் ‘பாக்ஸ்கார்’. நாகசாகி மீது அணுகுண்டு போட்ட விமானம் அதுதான்.

வரலாற்றுப் பாடத்தில் ஹிரோஷிமா, நாகசாகி என்று இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால், அந்தக் குண்டைச் சுமந்து போன விமானத்தை ஒருநாள் நேரில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

அன்று அதை ஓட்டியவர் சார்ல்ஸ் சுவீனி. இவர் இரண்டு குண்டுவீச்சுகளின்போதும் வானில் இருந்தவர். 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி பால் டிப்பெட்ஸ் ‘எனோலா கே’ விமானத்தில் ஹிரோஷிமாவுக்குப் பறந்தார். அவரோடு ‘தி கிரேட் ஆர்டிஸ்ட்’ என்ற இன்னொரு விமானமும் சென்றது. குண்டுவெடிப்பின் வேகத்தை அளக்கும் கருவிகள் அதில் இருந்தன. அதை ஓட்டியவர் சுவீனி.

மூன்று நாள் கழித்து இரண்டாவது குண்டைப் போடும் பொறுப்பு சுவீனிக்கு வந்தது. அளவுக் கருவிகளைக் கழற்றி வேறு விமானத்தில் பொருத்த நேரமில்லை. அதனால் விமானக் குழுக்கள் விமானங்களை மாற்றிக்கொண்டன. பிரெடரிக் பாக் என்பவர் வழக்கமாக ஓட்டும் விமானத்தில் சுவீனி ஏறினார். பாக் என்ற பெயரிலிருந்துதான் ‘பாக்ஸ்கார்’ என்ற பெயரே வந்தது.

அன்றைய இலக்கு நாகசாகி அல்ல, கோக்குரா என்ற நகரம். மேகமும் புகையும் அந்நகரை மறைத்திருந்தன. மூன்று முறை முயன்றும் இலக்கு தெரியவில்லை. எரிபொருள் விசைக்குழாய் ஒன்று பழுதாகிவிட்டதால் ஒரு பகுதி எரிபொருளையும் பயன்படுத்த முடியவில்லை. விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. கோக்குரா பிழைத்தது, நாகசாகி அழிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 140,000 பேரும், நாகசாகியில் சுமார் 70,000 பேரும் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

சுவீனி ஓட்டிய இரண்டு விமானங்களின் பிற்கால வாழ்க்கை முற்றிலும் வேறானது. ‘தி கிரேட் ஆர்டிஸ்ட்’ 1948இல் கனடாவில் விபத்துக்குள்ளாகி, பின்னர் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. ‘பாக்ஸ்கார்’ 1961இல் டேட்டனுக்குப் பறந்து வந்து நிரந்தரமாக அங்கேயே தங்கிவிட்டது. போரை முடித்து வைத்த விமானம் என்றுதான் அருங்காட்சியகம் அதை அறிமுகப்படுத்துகிறது.

‘எனோலா கே’யின் கதை இன்னும் சிக்கலானது. பல ஆண்டுகள் அது திறந்தவெளியில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. பறவைகள் கூடு கட்டின; நினைவுப் பொருள் தேடி வந்தவர்கள் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1984இல்தான் அதைச் சீரமைக்கும் வேலை தொடங்கியது.

போர் முடிந்து 50 ஆண்டு நிறைவையொட்டி, அதை வாஷிங்டனில் காட்சிக்கு வைக்க ஸ்மித்சோனியன் நிறுவனம் திட்டமிட்டது. விமானத்தோடு, குண்டினால் மடிந்தவர்களின் கதையையும் சொல்ல நினைத்தார்கள். முன்னாள் படைவீரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜப்பான் செய்த கொடுமைகளை மறைத்து, எங்களைக் குற்றவாளிகளாகக் காட்டுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். திட்டம் கைவிடப்பட்டது. அருங்காட்சியக இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் 1995இல் பதவி விலகினார். சுருக்கமான ஒரு கண்காட்சி மட்டுமே நடந்தது.

2003இல் முழு விமானமும் டல்லஸ் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள புதிய கூடத்தில் வைக்கப்பட்டது. அப்போது அதன் குறிப்புப் பலகை விமானத்தின் தொழில்நுட்பத்தைப் பேசியது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. குண்டுவீச்சில் உயிர்தப்பிய ஜப்பானிய முதியவர்கள் அங்கே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

ஊர் திரும்புமுன் அந்தக் கூடத்துக்கும் போனேன். அங்கிருந்து பாட்டிக்குக் கைப்பேசியில் காணொளி அழைப்பு செய்து விமானத்தைக் காட்டினேன். பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள். அங்கே மாண்ட பல்லாயிரம் மலாயாத் தமிழர்களில் அவரும் ஒருவர். மரவள்ளிக்கிழங்கைத் தின்றே அந்த மூன்றரை ஆண்டுகளைக் கழித்ததாகப் பாட்டி அடிக்கடி சொல்வார்.

“இதுதான் ஜப்பான்காரன ஓட வச்சதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். போர் முடிந்த செய்தி தோட்டத்துக்கு வந்தபோது அம்மா சாமி விளக்கைக் கொளுத்திவிட்டு அழுததைச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஏம்மா, அது விழுந்த ஊர்ல என் வயசுப் பிள்ளைங்களும் இருந்திருக்கும்ல?”

இருந்தார்கள் பாட்டி என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பாவைப் பறிகொடுத்த ஒருவருக்கு, அந்தக் குண்டு விடுதலையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அதே மனம் மறுபக்கத்துக் குழந்தைகளையும் நினைத்துப் பார்த்தது. அறிஞர்களும் படைவீரர்களும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டும் ஒரே கூரையின்கீழ் வைக்க முடியாத இரண்டு உண்மைகளைப் பாட்டி இரண்டு கேள்விகளில் வைத்துவிட்டார்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை அருங்காட்சியகம் போகும்போது படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பலகையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இதை எழுதியது யார், யாருடைய கதை விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்களிடமும் கேளுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாத என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அதைப் பாட்டியிடம் கேட்டு இப்போதுதான் என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.