ஒரே தாளில் ஒரு துகள்

உங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்கிறது. பல நாள் உழைத்துச் செய்த மாதிரியின் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். முன்பின் அறிமுகமில்லாத பெரியவர் ஒருவர் வந்து, "இது என்ன தம்பி?" என்று கேட்கிறார். மனப்பாடம் செய்து வைத்ததை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறீர்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். அவருக்கு என்ன புரிந்தது? உங்களுக்கும் தெரியாது, ஒருவேளை அவருக்கும் தெரியாது!

இந்தச் சங்கடம் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. தேர்ந்த இயற்பியலறிஞர்களுக்கும் ஒருமுறை நேர்ந்தது. அவர்கள்முன் வந்து நின்று, "இது என்ன?" என்று கேட்டவர் ஓர் அமைச்சர்.

அமைச்சரின் சவால்

அது 1993ஆம் ஆண்டு. பிரிட்டனில் அறிவியல் துறைக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் வில்லியம் வால்ட்கிரேவ். அவர் இயற்பியல் படித்தவர் அல்லர். ஜெனிவா நகருக்கு அருகில் 'செர்ன்' என்ற ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அந்தக் கூடத்திற்கு பிரிட்டனும் பணம் கொடுக்கிறது. அங்கே மிகப் பெரிய எந்திரம் ஒன்றைக் கட்ட வேண்டும் என்று இயற்பியலறிஞர்கள் விரும்பினார்கள். 'ஹிக்ஸ் போசான்' என்ற துகளைத் தேடுவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

அமைச்சர் அவர்களுக்கு ஒரு சவால் விட்டார். ஹிக்ஸ் போசான் என்றால் என்ன, அதை ஏன் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதித் தாருங்கள். நன்றாக விளக்குகிறவருக்கு ஒரு புட்டி ஷாம்பேன் பரிசு!

வேடிக்கைபோலத் தோன்றினாலும் இது நியாயமான கேள்வி. எந்திரத்திற்கு ஆகும் செலவு மக்களின் வரிப்பணம். எதற்காகக் கொடுக்கிறோம் என்று கேட்க, கொடுப்பவருக்கு உரிமை உண்டு அல்லவா?

அப்படி என்ன கடினம்?

காலியான தள்ளுவண்டியைத் தள்ளிப் பாருங்கள், எளிதில் நகர்கிறது. அதில் நெல் மூட்டைகளை ஏற்றினால் கிளப்புவதும் கடினம், ஓடும்போது நிறுத்துவதும் கடினம். இப்படித் தன் இயக்கம் மாறுவதை எதிர்க்கும் தன்மையையே 'நிறை' என்கிறோம்.

வண்டிக்கு நிறை மூட்டையிலிருந்து வந்தது. எலெக்ட்ரான் போன்ற அடிப்படைத் துகளுக்கு நிறை எங்கிருந்து வருகிறது? அதன் உள்ளே ஏற்றிவைக்க மூட்டை எதுவும் இல்லையே!

1964இல் பீட்டர் ஹிக்ஸ், ராபர்ட் பிரௌட், பிரான்சுவா ஆங்லேர் முதலிய சிலர் இதற்கு வழிகாட்டும் கருத்தை வெளியிட்டார்கள். வெற்றிடம் என்று நாம் நினைக்கும் இடம்கூட உண்மையில் வெறுமையாக இல்லை. எங்கும் ஒரு 'புலம்' பரவியிருக்கிறது. அதனோடு உறவாடும் துகள்கள் நிறை பெறுகின்றன. உறவாடாத ஒளித்துகளுக்கு நிறை இல்லை. இதைக் கணிதத்தில் எழுதினால் பக்கம் பக்கமாக நீளும். அமைச்சருக்கு அது பயன்படுமா?

கூடத்திற்குள் ஒரு தலைவர்

நூற்றுக்கும் மேற்பட்டோர் எழுதி அனுப்பினார்கள். பரிசு பெற்றவர்களில் ஒருவர், லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த டேவிட் மில்லர். அவர் சொன்ன உவமையின் சாரம் இதுதான்.

ஒரு பெரிய கூடம். கட்சித் தொண்டர்கள் கூடம் முழுவதும் சீராகப் பரவி நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். முன்னாள் பிரதமர் உள்ளே வருகிறார். அருகிலிருப்பவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர் நகர நகர, புதியவர்கள் வந்து சேர, பழையவர்கள் விலகிப்போக, அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதனால் அவரைக் கிளப்புவது கடினம். கிளம்பிவிட்டால் நிறுத்துவதும் கடினம். அதாவது, அவருக்கு 'நிறை' வந்துவிட்டது! தொண்டர்கள்தாம் புலம், தலைவர்தான் துகள். யாருக்கும் தெரியாத ஒருவர் வந்தால், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் எளிதாகக் கூடத்தைக் கடந்துவிடுவார்.

சரி, ஹிக்ஸ் போசான் எங்கே? இப்போது தலைவர் வரவில்லை. வாசலில் யாரோ ஒரு வதந்தியைச் சொல்கிறார். அதைக் கேட்கச் சிலர் நெருங்குகிறார்கள்; பிறகு திரும்பி அடுத்தவர்களுக்குச் சொல்கிறார்கள். தலைவர் இல்லாமலேயே ஒரு சிறு கூட்டம் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. புலத்தில் தோன்றும் அந்த நெருக்கமே ஹிக்ஸ் போசான்.

முன்னாள் பிரதமர் என்று மில்லர் குறித்தது மார்கரெட் தாட்சரை. அமைச்சரும் அதே கட்சிக்காரர். இப்படிப்பட்ட கூட்டங்களில் அவர் எத்தனையோ முறை நின்றிருப்பார்! அவருக்குப் புரிய வேண்டியதில் பாதி, அவர் அனுபவத்திலேயே இருந்தது. மில்லர் தமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கவில்லை. கேட்பவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினார். உவமையின் பலம் அங்கேதான் இருக்கிறது.

உவமை எங்கே உடைகிறது?

எந்த உவமையும் ஓர் எல்லை வரைதான் நம்மோடு வரும். கூட்டத்திற்குள் நடப்பவரின் வேகம் குறைந்துகொண்டே போகும். ஹிக்ஸ் புலமோ சேறுபோலத் துகளைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைப்பதில்லை. சீரான வேகத்தில் செல்லும் துகள் அதே வேகத்தில் சென்றுகொண்டே இருக்கும். வேகத்தை மாற்ற முயலும்போதுதான் நிறை தன் எதிர்ப்பைக் காட்டுகிறது.

இன்னொன்று: நம் உடலின் நிறை முழுவதும் ஹிக்ஸ் புலத்தால் வந்ததன்று. அணுக்கருவில் உள்ள புரோட்டான், குவார்க்குகள் என்னும் சிறு துகள்களால் ஆனது. அந்தக் குவார்க்குகளின் நிறைகளைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் தேறும். மீதி, அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் விசையின் ஆற்றலிலிருந்து வருகிறது. ஆனாலும் எலெக்ட்ரானுக்கு நிறையே இல்லாவிட்டால் அணுக்கள் உருவாகியிருக்க மாட்டா. நாமும் இருந்திருக்க மாட்டோம்.

உவமை எங்கே உடைகிறது என்றும் சேர்த்துச் சொல்பவரே நேர்மையான ஆசிரியர். அதை மறைத்தால் எளிமை பொய்யாகிவிடும்.

பிறகு நடந்தது

அதே 1993 அக்டோபரில் அமெரிக்காவில் ஒன்று நடந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் கட்டப்பட்டுவந்த மாபெரும் துகள் மோதல் எந்திரத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் கைவிட்டது. அதற்குள் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கம் தோண்டப்பட்டிருந்தது. சுமார் 200 கோடி டாலர் செலவாகியிருந்தது. செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது முக்கியக் காரணம். விளக்கம் மட்டும் அதைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பணம் கொடுப்பவர் மனம் மாறினால் எவ்வளவு பெரிய ஆராய்ச்சியும் பாதியில் நின்றுவிடும் என்பதை அது காட்டியது.

செர்ன் எந்திரத்திற்கு 1994 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அந்த எந்திரத்தில், காந்தங்களைத் துல்லியமாக நிறுத்தித் தாங்கும் ஜாக்கிகள் இந்தியாவிலிருந்து சென்றவை. 2012 ஜூலை 4ஆம் நாள், புதிய துகள் கிடைத்துவிட்டதாக செர்ன் அறிவித்தது. 2013இல் ஹிக்ஸுக்கும் ஆங்லேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரௌட் 2011இலேயே காலமாகிவிட்டார்.

இந்தத் துகளின் பெயரில் உள்ள 'போசான்' நம் நாட்டு இயற்பியலறிஞர் சத்யேந்திரநாத் போஸின் நினைவாக வந்த சொல் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

நீங்களே செய்து பாருங்கள்

நீங்கள் செய்த சோதனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள். பாடப்புத்தகத்தில் மட்டுமே வரும் சொற்களை அடித்துவிடுங்கள். கேட்கப்போகிறவர் யார், அவர் அன்றாடம் எதைப் பார்க்கிறார் என்று யோசித்து, அதிலிருந்து ஓர் உவமையைத் தேடுங்கள். தையற்காரருக்கு ஊசியும் நூலும். மீனவருக்கு அலையும் வலையும். உவமை எங்கே பொருந்தாது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேருங்கள்.

பிறகு உங்கள் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ சொல்லிப் பாருங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், உங்கள் மனம் நோகக் கூடாதே என்று எல்லாரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். "நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, அந்த இடம் பெரும்பாலும் உங்களுக்கே சரியாக விளங்காத இடமாக இருக்கும். அங்கே திரும்பிச் சென்று மறுபடியும் படியுங்கள்.

அடுத்த கண்காட்சியில் அந்தப் பெரியவர் வரும்போது, ஒப்பிப்பதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" உங்கள் விளக்கத்தின் முதல் வாக்கியம் அவருடைய பதிலிலிருந்தே கிடைக்கும்.