வேகப்பந்து வீச்சும் முள்ளந்தண்டும்

வேகப்பந்து வீசுவோன் ஓடிவந்து முன்காலை ஊன்றுங் கணத்தில், நிலம் அவனது நிறையின் ஏறத்தாழ ஐந்து மடங்கான, சிலவேளை அதனினும் மிகுந்த, விசையுடன் அவனைத் திருப்பித் தாக்குகின்றது. அவ்வேளை அவன் முள்ளந்தண்டு வளைந்தும் முறுகியும் நிற்கும். இடுப்புத் துடுப்பாளனை நோக்கி நிற்கத் தோள் பக்கவாட்டில் மீளத் திரும்புமாயின் முறுக்கு இன்னும் மிகும். இவ்வாறு பன்முறை நேர, கீழ்முதுகின் என்பில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். வலக்கை வீச்சாளரிடம் அது பெரும்பாலும் இடப்புறத்திலாம். அவுஸ்திரேலிய வீரர் டெனிஸ் லில்லி 1973இல் இதனாலேயே களம் நீங்கினார்.

உடலசைவை விசைக்கணக்கால் ஆராயும் உயிர்ப்பொறிமுறை என்னுந் துறை, இதனை விதியென்று விடாது அளந்து காண்கின்றது. கலாநிதிப் பட்டத்திற்கு இதனை ஆராய்வோர், நொடிக்கு நூற்றுக்கணக்கான படமெடுக்கும் கமராக்களால் மூட்டுக்களின் கோணத்தையும், நிலத்திற் பதித்த தட்டினால் விசையையும் அறிவர்.

பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாகவே உண்டு. ஆயினும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயத்தருகே பந்து வீசும் சிறுவனுக்கு ஆய்வுகூடம் எட்டுவதன்று. விரைந்து வீசுவோனையே அணித்தலைவன் ஓயாது அழைப்பான். அவனது முள்ளந்தண்டோ இன்னும் முதிராதது. பயிற்சியில் வீசியவை உட்படப் பந்துகளை எண்ணிக் குறிக்க ஆசிரியருக்கு ஒரு கொப்பி போதும். ஒரு கிழமையின் தொகை திடீரென ஏறுவதே ஆபத்து. பின்வளையுங்கால் ஒருபுறம் மட்டும் நோகும் முதுகைப் 'பிடிப்பு' என்று எண்ணெய் தேய்த்து மறுநாளே களத்துக்கு அனுப்புதல் பெருங்கேடு. காலத்தே ஓய்வு கொடுத்தால் வெடிப்புப் பொருந்தக்கூடும். லில்லியும் 1974இல் மீண்டு வந்து இங்கிலாந்துக்கு எதிராக வீசினார்.